தோள்பட்டை இறுக்கம்: லோக்கல் பாதி, லேப்டாப் பாதி. யோகாவில் எதைச் செய்ய, எதை விட?

நாலாவது சீட் (டோம்பிவிலி)

எல்லாருக்கும் வணக்கம். பெயரைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும், மும்பை சென்ட்ரல் லைன் லோக்கல் ரயில் ஆள். மூணு பேர் உட்கார்ற பெஞ்சில் நாலாவதா ஓரத்தில் தொத்திக்கிட்டுப் போற ரகம், அதுவும் இடம் கிடைச்சா. கிடைக்காத நாள்ல பையை முன்பக்கம் மாட்டிக்கிட்டு, ஒரு கை மேலே கைப்பிடியில, தாதர் வரைக்கும் நிக்கணும். அங்கே ஸ்லோ பிடிச்சு கரி ரோடு. ஆபீஸ்ல லேப்டாப். சாயங்காலம் மறுபடி அதே கூத்து.

பிடரியில ஆரம்பிச்சு ரெண்டு தோளும் இறுகிப் போகுது. இடது பக்கம் அதிகம். தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில ஒரு இடத்துல கட்டை விரலை வச்சு அமுக்கினா உயிர் போகுது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்புல ஒண்ணும் இல்லன்னு சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யூடியூப் பார்த்து கழுத்தைச் சுத்துறேன், தலையைச் சாய்ச்சு கையால இழுக்கிறேன். பண்ணும்போது சுகமா இருக்கு, அரை மணி நேரத்துல பழையபடி.

இன்னொரு சிக்கல், வீடு ஒன் பிஹெச்கே. பாயை விரிச்சா பாத்ரூம் கதவு திறக்காது. பாயில்லாம, நின்னுக்கிட்டே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா? ரயில்லயே செய்யலாம்னாலும் சொல்லுங்க, வெட்கப்பட மாட்டேன்.

சந்தேகப்பிராணி (அந்தேரி)

ஜிம்முக்குப் போங்க பாஸ். ரோயிங் மெஷின், கேபிள் புல், அவ்வளவுதான். யோகான்னாலே இழு இழுன்னு இழுக்கிறது. ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கிற தசையை மேலும் இழுத்து என்ன ஆகப் போகுது?

கிங்ஸ்சர்க்கிள் மாமி

அந்தேரிக்காரர் அவசரப்படறார். முதல்ல நாலாவது சீட், நீங்க மூணு விஷயம் சொல்லணும். எந்தக் கை கைப்பிடியில இருக்கும்? பை எத்தனை கனம்? மூச்சு இழுக்கறப்போ உங்க தோள் மேலே ஏறறதா? கடைசிக் கேள்விக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு, சட்டையைக் கழட்டிட்டுப் பார்த்துப் பதில் சொல்லுங்கோ. யோசிச்சுச் சொன்னா தப்பாத்தான் வரும்.

நாலாவது சீட் (டோம்பிவிலி)

மாமி, பார்த்தேன். ஏறுது! ரெண்டு தோளும் காதைப் பார்க்கப் போகுது. வயிறு அசையவே இல்ல. கைப்பிடியில எப்பவும் இடது கை, வலது கையில மொபைல். பையை எடை போட்டதில்ல. லேப்டாப், சார்ஜர், டப்பா, தண்ணி பாட்டில், குடை.

கிங்ஸ்சர்க்கிள் மாமி

சரி. அப்போ உங்க கழுத்து நாள் பூரா மூச்சுக்கும் சேர்த்து வேலை பார்க்கறது. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற தசை மேல் விலா எலும்பைத் தூக்கிக் கொடுக்கறது. ஓடறப்போ, இளைக்கறப்போ அது வந்தா நியாயம். நாற்காலியில உட்கார்ந்து மெயில் அடிக்கறப்போ அதுக்கு என்ன வேலை? இதைச் சரி பண்ணாம கழுத்தை எவ்வளவு இழுத்தாலும் அரை மணிதான்.

பாய் வேண்டாம். ஒரு சுவர் போதும்.

சுவரைப் பார்த்து நில்லுங்கோ. ரெண்டு உள்ளங்கையையும் இடுப்பு உயரத்துல சுவர்ல பதிச்சு, அப்படியே பின்னால நடந்து போங்கோ, முதுகு தரைக்குச் சமமா வர்ற வரைக்கும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே. தலையைத் தொங்க விடப்படாது, காது ரெண்டும் மேல் கைக்கு நடுவுல இருக்கணும். தொடைப் பின்பக்கம் இழுத்தா முட்டியை மடக்கிக்கலாம், ஒண்ணும் குத்தமில்லை. இப்போ சுவரைத் தள்ளிண்டே இடுப்பைப் பின்னால கொண்டு போங்கோ. அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் பக்கவாட்டுல நீளும். அஞ்சாறு மூச்சு. எழுந்திருக்கறப்போ சுவரை நோக்கி நடந்து வந்து எழுந்திருங்கோ, சடார்னு நிமிர்ந்தா தலை சுத்தும்.

ரெண்டாவது பர்வதாசனம். நாற்காலியில உட்கார்ந்தே செய்யலாம். விரல்களைக் கோத்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கற மாதிரி திருப்பி, கையை மேலே நீட்டணும். எல்லாரும் இதோட நிறுத்திடுவா. விஷயம் அதுக்கப்புறம்தான் இருக்கு. கோத்த விரலை மாத்திக் கோக்கணும். பழக்கத்துல எப்பவும் ஒரே கட்டை விரல்தான் மேலே வரும். மாத்திப் பாருங்கோ, வேற யாரோட கையோன்னு இருக்கும். ஒரு பக்கத் தோள் அதிகமா இறுகியிருக்கறவாளுக்கு அந்த மாத்திக் கோக்கறதுதான் மருந்து.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சதில்லை. பி.கே.எஸ். ஐயங்கார் முறை. 1937-ல் புனேக்கு வந்தவர், 1975-ல் அங்கே நிறுவனம் ஆரம்பிச்சார். அதுக்கு ரொம்ப முன்னாடியே வாரக் கடைசியில பம்பாய்க்கு வந்து வகுப்பு எடுத்துண்டிருந்தார். சுவர், நாற்காலி, கயிறு, பெல்ட், மடிச்ச போர்வை இதையெல்லாம் கையாள வச்சதே உடம்பு வளையாதவாளும் செய்யணும்னுதான்.

சந்தேகப்பிராணி (அந்தேரி)

வரலாறு நல்லாத்தான் இருக்கு. என் கேள்விக்குப் பதில் வரல. தோள்பட்டை எலும்புக்கு நடுவில வலிக்குதுன்னு சொல்றார். அந்தத் தசை முன்னால குனிஞ்சு குனிஞ்சு ஏற்கெனவே நீண்டு கிடக்கு. அதைப் போய் இன்னும் நீட்டலாமா?

செம்பூர் பிசியோ

பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் யாருக்கும் வைத்தியம் சொல்வதில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

சந்தேகப்பிராணி கேட்டது சரியான கேள்வி, பதில்தான் அவர் நினைக்கிற பக்கம் இல்லை. வலி தெரிகிற இடம் ஒன்று, சுருங்கிய இடம் வேறு. லேப்டாப், மொபைல், முன்பக்கம் மாட்டிய பை மூன்றும் தோளை முன்னால் உருட்டுகின்றன. அப்போது சுருங்குவது மார்புத் தசை, குறிப்பாகக் காறை எலும்புக்குக் கீழே உள்ளே கிடக்கும் சின்ன மார்புத் தசை. பின்னால் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் நீண்ட நிலையில் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கத்துவது அவைதான். அதனால் கைகளைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து அந்த இடத்தையே இழுத்தால் பண்ணும்போது சுகம், பிறகு அதே கதை. நாலாவது சீட் முதல் பதிவில் சொன்ன அரை மணி நேரம் இதுதான்.

மாமி சொன்ன சுவர்ப் பயிற்சி அந்த இடத்தை இழுப்பதில்லை. மார்பையும் அக்குள் பக்கத்தையும் திறக்கிறது. கூடவே சுவரைத் தள்ளச் சொன்னார் பாருங்கள், அப்போது தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் நகர்ந்தாக வேண்டும். கையைப் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் தூக்க மொத்தம் ஏறக்குறைய 180 டிகிரி. அதில் 120 மூட்டிலிருந்து, மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. எலும்பு இறுகி நின்றுவிட்டால் அந்த 60-ஐயும் மூட்டும் கழுத்தும் ஈடுகட்டப் பார்க்கும். கழுத்து வலி என்று வருபவர்களிடம் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது கழுத்தை அல்ல, இந்த எலும்பை.

வலு வேண்டும் என்று ஜிம்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யோகாசனங்களில் தள்ளும் வேலை நிறைய: அதோ முக ஸ்வானாசனம் (கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது), சதுரங்க தண்டாசனம் (தண்டால் மாதிரி), சூரிய நமஸ்காரம் முழுக்கத் தள்ளுதான். எதையாவது பிடித்துத் தன் பக்கம் இழுக்கும் வேலை மிகக் குறைவு. சும்மா சூரிய நமஸ்காரம் மட்டும் எண்ணிக்கை கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத் தோளின் முன்பக்கம் வலிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

கிங்ஸ்சர்க்கிள் மாமி

பிசியோ சொல்றதை ஒத்துக்கறேன், பாதி. இழுக்கற வேலைக்குத்தான் சுவர்க்கயிறு, யோக குருந்தான்னு சொல்வா. ஆனா வீட்டுல கொக்கி அடிக்க சொசைட்டி விடணுமே. அது இல்லாதவா சலபாசனம் பண்ணலாம்: குப்புறப் படுத்து, கை பின்னால, உள்ளங்கை உள்பக்கம் பார்க்க, கையையும் மார்பையும் மட்டும் தூக்கணும். புஜங்காசனத்துலயும் பாதிப் பேர் கையால தரையைத் தள்ளி எழுந்துண்டு கழுத்தைப் பின்னால ஒடிச்சுக்கறா. கையை லேசா வச்சுண்டு முதுகால எழுந்திருக்கணும். உயரம் முக்கியமில்லை.

சந்தேகப்பிராணி (அந்தேரி)

மாமிகிட்ட ஒரு பாயின்ட் வாங்கிட்டேன், போதும். :) ஆனா சீரியஸா கேக்கிறேன், யோகா தோள் கழுத்து வலிக்கு உதவுதுன்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல எல்லாம் அனுபவம்தானா?

செம்பூர் பிசியோ

தோளைத் தனியாக வைத்துச் செய்ததைவிட, நீண்ட நாள் கழுத்து வலிக்குச் செய்தவை அதிகம். 2013-ல் ஜெர்மனியிலிருந்து ஒன்று வந்தது. 51 பேர். பாதிப் பேருக்கு 9 வாரம் ஐயங்கார் முறை வகுப்பு, மீதிப் பேருக்குக் கையேடு கொடுத்து வீட்டிலேயே உடற்பயிற்சி. யோகா பக்கம் வலி அதிகமாகக் குறைந்தது. ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். சின்ன ஆய்வு. ஒரு பக்கம் வாரா வாரம் ஆசிரியர் நின்று திருத்துகிறார், இன்னொரு பக்கம் கையில் ஒரு புத்தகம். ஜெயித்தது யோகாவா, ஆசிரியரா என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எனக்கென்னவோ இரண்டாவதுக்குப் பங்கு பெரிது என்றுதான் படுகிறது.

பாந்த்ரா பையன்

சிரசாசனம் பண்ணினா தோள் லூஸ் ஆகிடும்னு ஃப்ரெண்ட் சொன்னான். சர்வாங்காசனமும் நல்லதாமே?

கிங்ஸ்சர்க்கிள் மாமி

உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்கோ, தலைகீழா புரிஞ்சுண்டிருக்கார்னு. தோள் தளர்ந்தவாதான் சிரசாசனம் பண்ணணும், தளர்றதுக்காக அதைப் பண்றதில்லை. கை காதோட ஒட்டி நேரா மேலே போகலைன்னா, தலைகீழா நிக்கறப்போ தோள் தாங்காது, பாரம் கழுத்துல இறங்கும். சர்வாங்காசனத்துக்கு எங்க முறையில தோளுக்குக் கீழே மடிச்ச போர்வை மூணு நாலு அடுக்கிண்டு, தலையை மட்டும் கீழே தரையில விடுவோம், கழுத்து நசுங்கப்படாதுன்னு. பிபி, கண் அழுத்தம், கழுத்து எலும்பு தேய்மானம் இருக்கறவா ரெண்டையும் தொடவே வேண்டாம்.

வாஷி வாசி

ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. எனக்கு 52 வயசு, சர்க்கரை உண்டு. வலது தோள் இறுக்கம். பக்கத்துல ஒரு யோகா கிளாஸ்ல சேர்ந்தேன். கோமுகாசனத்துல கையைப் பின்னால கொண்டு போகச் சொல்றாங்க, எனக்குப் போகவே மாட்டேங்குது. பெல்ட்டைக் கொடுத்து இழுங்க இழுங்கன்னு சொல்றாங்க. வலிக்குதுன்னா, "அது நல்ல வலி, பயப்படாம இழுங்க"ங்கிறாங்க. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல, தூக்கத்துலயே வலிச்சு எழுந்துடறேன். ஜாக்கெட் ஹூக், பின்னல் எல்லாம் மக போட்டு விடறா. பால்கனியில மேலே தொங்கற கம்பியில துணி காயப் போட முடியல. இன்னும் எத்தனை நாள் இழுத்தா சரியாகும்?

செம்பூர் பிசியோ

அம்மா, முதலில் அந்தப் பெல்ட்டைக் கீழே வையுங்கள். இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒன்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கிக்கொள்ளுங்கள். முழங்கை விலகாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள், கதவைத் திறக்கிற மாதிரி. இடது கை எவ்வளவு போகிறது, வலது கை எவ்வளவு? பிறகு வலது கையைத் தளர்த்தி விட்டுவிட்டு, மகளை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வலி வந்தால் நிறுத்திவிடலாம்.

வாஷி வாசி

செஞ்சு பார்த்தோம். இடது நல்லா போகுது. வலது கொஞ்சம்தான். மக திருப்பினப்பவும் அதே இடத்துல நின்னுடுச்சு. பூட்டுப் போட்ட மாதிரி.

செம்பூர் பிசியோ

இந்த இழையைப் படிக்கிற எல்லாரும் இதைக் கவனியுங்கள். தசை இறுக்கம் என்றால் நீங்களாகத் தூக்கும்போது இழுக்கும், வலிக்கும், ஆனால் இன்னொருவர் தாங்கிப் பிடித்து மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் கை போகும். நீங்கள் நகர்த்தினாலும் அவர்கள் நகர்த்தினாலும் ஒரே இடத்தில் நின்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ரோசன் ஷோல்டர். வெளிப்பக்கம் திருப்புவதுதான் அதில் முதலில் போகும். பின்னால் கை கொண்டு போவது, தலைக்கு மேல் தூக்குவது எல்லாம் கூடவே குறையும். 40 வயதிலிருந்து 60 வயது வரை அதிகம், பெண்களுக்கு அதிகம். பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அம்மா, எலும்பு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். எக்ஸ்ரே சாதாரணமாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று யாராவது அனுப்பி வைத்தால் இந்த வெளித்திருப்பலைச் செய்து காட்டுங்கள். இது மூன்று கட்டமாகப் போகும்: முதலில் வலி கூடிக்கொண்டே அசைவு குறையும், பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும், பிறகு மெல்ல விடும். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். ராத்திரி வலித்து எழுந்திருக்கிறீர்கள் என்றால் முதல் கட்டம். அந்தக் கட்டத்தில் பலம் போட்டு இழுத்தால் வலி கூடுமே தவிரக் கை நீளாது. ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னால் சர்க்கரை இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

அதுவரை: மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாகச் சின்ன வட்டம் போடும். வலிக்காத அளவுக்கு மட்டும். படுக்கும்போது மல்லாந்து, அந்தக் கையின் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை.

கிங்ஸ்சர்க்கிள் மாமி

படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்க மேலே இல்லை. எங்கே வலிக்கறது, ராத்திரி தூங்கறேளா, சர்க்கரை உண்டா, இது மூணையும் கேட்காம கையில பெல்ட்டைக் கொடுக்கறவாளை டீச்சர்னு எப்படிச் சொல்றது? வலியில நல்ல வலி, கெட்ட வலின்னு எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் ஒண்ணுதான். தசையோட நடுவுல, அகலமா, மூச்சு விட விடக் குறையற இழுப்பு இருக்கலாம். மூட்டுக்குள்ள, குத்தற மாதிரி, மூச்சைப் பிடிச்சுக்க வைக்கற வலி வந்தா வெளியே வந்துடணும்.

வாஷி, நீங்க யோகாவை விட்டுட வேண்டாம். நல்ல கையாலயும், காலாலயும், மூச்சாலயும் செய்ய ஆயிரம் இருக்கு. கால் ரெண்டையும் நாற்காலி மேலே போட்டுண்டு படுத்து, அந்தக் கைக்குத் தலையணை கொடுத்து, மூச்சை விடறதை இழுக்கறதைவிடக் கொஞ்சம் நீட்டமா வச்சுண்டு பத்து நிமிஷம் கிடங்கோ. வலி வர்றதேன்னு உடம்பு பூரா இறுக்கிப் பிடிச்சுண்டிருக்கே, அதுவாவது விடும்.

வாஷி வாசி

நன்றி. ரெண்டு பேருக்கும். வர்ற வாரம் ஆர்த்தோவுக்கு நம்பர் வாங்கியாச்சு. கிளாஸுக்கு லீவு சொல்லிட்டேன். என்ன காரணம்னு கேட்டாங்க, "நல்ல வலி அதிகமாயிடுச்சு"ன்னேன்.

பாந்த்ரா பையன்

ஹாஹா. அக்கா செம.

முலுண்ட் வாசகர்

மகாநாராயண தைலம் தேய்ச்சு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா எல்லா இறுக்கமும் போகும். எங்க பாட்டி காலத்துல யோகாவா பண்ணினாங்க? அந்தத் தைலம் எங்கே நல்லதா கிடைக்கும்னா...

மட்டுறுத்துநர்

தைலப் பதிவுகள் அத்தனையும் தனி இழைக்கு நகர்த்தப்பட்டன. கடை விலாசங்களும் அங்கேயே. இங்கே யோகா.

பொதுவாக ஒன்று: தோளிலும் இடது கையிலும் வலி, கூடவே நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் இழையில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை மரத்துப் போவது, பிடி தளர்ந்து பொருள் நழுவுவது, விழுந்து அடிபட்ட பிறகு கை தூக்க முடியாமல் போவது, இவற்றுக்கும் அதேதான்.

நாலாவது சீட் (டோம்பிவிலி)

நான் ஆரம்பிச்ச இழையில நானே ஓரத்துல தொத்திக்கிட்டு இருக்கேன், பெயர் ராசி. பிசியோ சொன்ன வெளித்திருப்பல் செஞ்சு பார்த்தேன், ரெண்டு கையும் ஒரே அளவு போகுது. நிம்மதி. சுவர்ப் பயிற்சி ஆபீஸ்ல மீட்டிங் ரூம்ல செய்யறேன், கண்ணாடிச் சுவர், வெளியில இருக்கறவன் என்னமோ நான் கட்டடத்தைத் தள்ளறேன்னு நினைக்கறான். நல்லா இருக்கு. எவ்வளவு நேரம் பிடிக்கணும்? ரயிலுக்கு என்ன வழி?

செம்பூர் பிசியோ

ஒவ்வொன்றிலும் 20, 30 வினாடி போதும். வயதானவர்கள் ஒரு நிமிடம் வரை போகலாம். ஒரே மூச்சில் அரை மணி செய்துவிட்டு எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவதைவிட, மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு நிமிடம் செய்வது உங்கள் மாதிரி ஆட்களுக்கு அதிகம் பலன் தரும். காலையில் பண்ணியாச்சு, கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

ரயிலில்: கை மேலே கைப்பிடியில் இருக்கும்போது தோளும் கூடவே காதை நோக்கி ஏறிக் கிடக்கும், அதில் தொங்கிக்கொண்டே தாதர் வருவீர்கள். கையை அங்கேயே வைத்துக்கொண்டு தோளை மட்டும் கீழே இறக்குங்கள். முழங்கை லேசாக மடங்கட்டும். தாணே வரை இடது கை என்றால் அதற்குப் பிறகு வலது. மொபைல் பையில் கிடக்கட்டும். பையை மேலே ராக்கில் ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு எட்டாவிட்டால் நடுவில் நிற்பவர்கள் கை மாற்றி ஏற்றிவிடுவார்கள், மும்பையில் அதைக் கேட்க வெட்கமே வேண்டாம். கூட்டத்துக்குள் தலையைப் பெரிய வட்டமாகச் சுற்றுவது, பின்னால் முழுக்கச் சாய்ப்பது வேண்டாம், வீட்டிலும் அது அவசியமில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் போச்சு.

கிங்ஸ்சர்க்கிள் மாமி

ராத்திரி வீட்டுக்கு வந்து ஒண்ணே ஒண்ணு செய்ய முடியும்னா இதைச் செய்யுங்கோ, கட்டில் மேலேயே ஆகும். போர்வையை நீளமா உருட்டி, முதுகுத்தண்டுக்குக் குறுக்கே, தோள்பட்டை எலும்போட கீழ் நுனி இருக்கற இடத்துல போட்டுண்டு மல்லாந்து படுக்கணும். தலைக்குச் சின்னத் தலையணை, முகவாய் மேலே தூக்கிண்டு நிக்கப்படாது. கை ரெண்டும் பக்கவாட்டுல, உள்ளங்கை மேலே பார்க்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆபீஸ்ல நாள் பூரா மூடிண்டு கிடந்த மார்பு அதுவா திறக்கும். மூச்சு வயித்துக்கு இறங்கறதான்னு மட்டும் பாருங்கோ. மெத்தை ரொம்ப மெத்துன்னு இருந்தா உருட்டினது உள்ளே போயிடும், அப்போ தரைதான். பாத்ரூம் கதவை அஞ்சு நிமிஷம் யாரும் திறக்காம பார்த்துக்கோங்கோ.

கையில நேரமும் காசும் இருந்தா நேர்ல கத்துண்டா நல்லது. 1918-ல் ஆரம்பிச்ச யோகா இன்ஸ்டிட்யூட் இப்போ சாந்தாகுரூஸ்ல இருக்கு. லோனாவ்லா கைவல்யதாமாவோட கிளை மெரின் டிரைவ்ல இருக்கு. ரெண்டு இடத்துலயும் நிதானமாச் சொல்லிக் கொடுக்கற முறை. உங்களை மாதிரி இறுகின உடம்புக்கு வேர்க்க விறுவிறுக்கப் பண்ற கிளாஸ் இப்போ வேண்டாம்.

90 அடி ரோட்டுக்காரன் (தாராவி)

அண்ணாச்சி, மாமி, எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு திருநெல்வேலிப் பக்கம், இங்க கார்கானாவுல தையல். காலையில மெஷின்ல உக்காந்தா ராத்திரி எந்திரிக்கதுதான். ரெண்டு கையும் முன்னால நீட்டுனபடியே கெடக்கும், தலை குனிஞ்சபடி. வலது தோள்ல வலி. நீங்க சொன்ன கதவு தொறக்க வேலையைச் செஞ்சு பாத்தேன், ரெண்டும் ஒண்ணுபோலத்தான் போவுது. நமக்குச் சுவரே கெடையாது, நாலு பக்கமும் துணிக் கட்டுதான். ஆனா எங்க வீட்டு மாடிக்கு இரும்பு ஏணி உண்டு. ராத்திரி போவும்போது அந்த மேல் படியப் பிடிச்சிக்கிட்டு, கால் தரையில இருக்க, பாதி எடையை விட்டுத் தொங்குவேன். நல்லா இருக்கு. இதுவும் யோகாதானா, இல்ல கைய ஒடிச்சிக்கிடுவேனா?

கிங்ஸ்சர்க்கிள் மாமி

தம்பி, நீங்க பண்றது பாதி யோக குருந்தா. தொங்கறப்போ மூச்சை வெளியே விட்டுண்டே தோளைத் தளர்த்துங்கோ. இறங்கறப்போ கையைப் படக்குனு விடாம, காலுக்கு எடையைக் கொண்டு வந்துட்டு விடணும்.

செம்பூர் பிசியோ

கால் தரையில் இருக்கிற வரை நல்லது. வாஷி அம்மா மாதிரி மூட்டு பூட்டிக்கொண்டவர்களும், தோள் ஒரு தடவை கழன்று இறங்கியவர்களும் இதைச் செய்யக் கூடாது. பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது பாதி வழியில், 60-க்கும் 120-க்கும் நடுவில் மட்டும் சுருக்கென்று வலித்து, மேலே போனதும் குறைந்தால் தொங்குவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை காட்டுங்கள்; தசைநார் எலும்புக்கு இடையில் மாட்டுகிற வலி அப்படித்தான் வரும்.

ஆனால் உங்களுக்கு ஆசனத்தைவிட முக்கியம் மெஷின் மேசை. உயரம் எப்படி? துணியைத் தள்ளும்போது முழங்கை விலாவை விட்டு விலகி மேலே நிற்கிறதா?

90 அடி ரோட்டுக்காரன் (தாராவி)

ஆமா, மேசை ஒசரம், ஸ்டூல் தாழ்வு. தோளத் தூக்கிக்கிட்டுத்தான் தைக்கது.

சந்தேகப்பிராணி (அந்தேரி)

பாருங்க, இவருக்கு யோகாவும் வேண்டாம் ஜிம்மும் வேண்டாம், ஒரு நல்ல ஸ்டூல் போதும். முதலாளிகிட்ட கேளுங்க.

90 அடி ரோட்டுக்காரன் (தாராவி)

முதலாளிகிட்ட கேட்டு ஸ்டூல் வரதுக்குள்ள தீவாளி வந்துரும் அண்ணாச்சி. தலவாணி மாதிரி துணி மூட்டையப் போட்டு உக்காரலாமா?

செம்பூர் பிசியோ

மூட்டை அமுங்கிவிடும், ஒரு பக்கமாகச் சாயும். ஸ்டூல் மேல் ஒரு பலகை, அதன் மேல் நாலாக மடித்த துணி. பெடல் கால் எட்டுகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். எட்டவில்லை என்றால் பலகை அதிகம். தோள் தானாகக் கீழே இறங்கி, முழங்கை விலாப் பக்கம் வரும் உயரம்தான் கணக்கு.

90 அடி ரோட்டுக்காரன் (தாராவி)

பலகை போட்டாச்சு. முழங்கை கீழ வந்துட்டு, சாயங்காலம் வலி கொறவுதான். ஆனா ராத்திரி ஷிஃப்டுல அதே மெஷின்ல உக்காருதவன் நம்மள விட ஒரு சாண் ஒசரம். பலகையத் தூக்கி ஏணிக்கு அடியில போட்டுட்டான். அவனையும் இந்த இழையப் படிக்கச் சொல்லிருக்கேன்.